வேர்ட்ஸ்வொர்த்துக்குச் சம்பளம் கொடுத்தது யார்?

1800-ஐ ஒட்டிய ஆங்கில ரொமான்டிக் கவிஞர்கள், ஓவியர்கள் பற்றி நீங்கள் கேட்டது இது: "வேர்ட்ஸ்வொர்த், கீட்ஸ், ஷெல்லி, பிளேக், டர்னர் என்று படிக்கிறோம். மலையேறினார்கள், இத்தாலிக்குப் போனார்கள், சிலர் இளமையிலேயே செத்தார்கள் என்றெல்லாம் இருக்கிறது. வேலைக்குப் போனதாக மட்டும் எங்கும் இல்லை. எல்லோரும் பணக்கார வீட்டுப் பிள்ளைகளா? இல்லை, கவிதையும் ஓவியமும் விற்றே பிழைக்க முடிந்ததா?" இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எழுதியதற்கும் வரைந்ததற்கும் காசு வந்ததா என்பது ஒன்று. வரும்வரை அடுப்பு எப்படி எரிந்தது என்பது இன்னொன்று. உங்களை உறுத்துவது இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன்.

முப்பது வருஷம் கல்லூரியில் இவர்களைப் பாடம் நடத்தினேன். முதல் பத்து வருஷம், ஏரிக்கரையில் ஆடும் மஞ்சள் பூக்களைப் பற்றி வகுப்பில் உருகும்போது, அந்த மனிதர் மளிகைக் கடை பாக்கியை எப்படித் தீர்த்தார் என்று யோசித்ததே இல்லை. அப்புறம் கடிதத் தொகுதிகள், பதிப்பாளர் கணக்குகள் என்று படிக்கப் போய், சில சமயம் கவிதையைவிட அவை சுவாரசியமாகிவிட்டன. எனக்குத் தெரிந்தது இங்கிலாந்தும் கொஞ்சம் ஸ்காட்லாந்தும்தான். ஜெர்மனி, பிரான்ஸ் பற்றித் தெரிந்தவர்கள் எழுதட்டும். ஓவியர்கள் விஷயத்திலும் நான் ஒரு வாசகன், அவ்வளவே.

தொகைகள் நிறைய வரப்போவதால் ஓர் அளவுகோல் வேண்டும். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். கினி என்பது 21 ஷில்லிங். கௌரவமான கொடுக்கல் வாங்கலில் கினிக் கணக்கில்தான் பேசுவார்கள். பண்ணைக் கூலியாளுக்கு வாரத்துக்குப் பத்து ஷில்லிங்கைச் சுற்றிக் கிடைத்த காலம் அது, வருஷத்துக்குச் சுமார் 25 பவுண்டு. ஒரு குடும்பம் வேலையாள் வைத்துக்கொண்டு மானமாக வாழ இருநூறு, முந்நூறு பவுண்டு தேவைப்பட்டது.

வேர்ட்ஸ்வொர்த்திலிருந்தே ஆரம்பிக்கலாம். அவருடைய தந்தை லான்ஸ்டேல் பிரபுவின் சட்ட ஏஜென்டாக இருந்தவர். 1783-ல் அவர் இறந்தபோது, பிரபு தரவேண்டிய பெரும் தொகை நிலுவையில் நின்றது. பிரபு உயிரோடு இருந்தவரை பைசா பெயரவில்லை. 1802-ல் அவர் செத்து, வாரிசு வந்த பிறகுதான் பாக்கி தீர்ந்தது. அதே வருஷம் வேர்ட்ஸ்வொர்த் கல்யாணம் செய்துகொண்டார். அதற்கு முன்னால் அவரைக் காப்பாற்றியது ஒரு உயில். ரெய்ஸ்லி கால்வர்ட் என்ற இளைஞர், பள்ளித் தோழனின் தம்பி, காசநோயில் படுத்திருந்தபோது வேர்ட்ஸ்வொர்த் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார். 1795-ல் இறந்த அவர் 900 பவுண்டு எழுதிவைத்துவிட்டுப் போனார். அந்த வட்டியில்தான் வேர்ட்ஸ்வொர்த்தும் தங்கை டாரத்தியும் தனி வீடு பிடித்து, வேறு உத்தியோகம் தேடாமல் இருக்க முடிந்தது.

அந்த வருஷங்களில் எழுதியதற்கு என்ன வந்தது? 1798-ல் நண்பரும் கவிஞருமான கோல்ரிட்ஜோடு சேர்ந்து வெளியிட்ட 'லிரிகல் பேலட்ஸ்' தொகுப்பில் தன் பங்குக்கு பிரிஸ்டல் பதிப்பாளர் ஜோசப் காட்டில் கொடுத்த 30 கினி. அச்சிட்டது 500 பிரதி. அடுத்த வருஷமே ஜோசப் காட்டில் தொழிலைவிட்டு விலகி, கையிலிருந்த பதிப்புரிமைகளை லண்டன் லாங்மேன் நிறுவனத்துக்கு விற்றார். ஒவ்வொரு புத்தகத்துக்கும் விலை மதிப்பிட்டபோது இந்தத் தொகுப்புக்கு எதிரே போட்ட தொகை பூஜ்யம். 'ஒன்றுக்கும் ஆகாததுதானே, என்னிடமே கொடுத்துவிடுங்கள்' என்று காட்டில் வாங்கி, கவிஞரிடமே உரிமையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆங்கிலக் கவிதையில் ஒரு யுகத்தை ஆரம்பித்துவைத்ததாக நாங்கள் பரீட்சைக்கு எழுதவைக்கும் புத்தகத்துக்கு அன்றைய சந்தை மதிப்பு அதுதான்.

அப்புறம் உத்தியோகம். ஆம், வேர்ட்ஸ்வொர்த் வேலை பார்த்தார். 1813-ல் அவர் வெஸ்ட்மர்லாந்து மாவட்டத்துக்கு முத்திரைத்தாள் விநியோக அதிகாரி. நம் பத்திரப்பதிவு அலுவலக வாசலில் நின்ற யாருக்கும் இந்தத் தொழிலின் தன்மையை விளக்கவேண்டாம். உயில், பத்திரம், உரிமம் என்று எதற்கும் அரசு முத்திரை வேண்டும். அந்தத் தாள்களை ஊர் ஊராக உள்ள துணை முகவர்களுக்கு அனுப்பி, வசூலைச் சரிபார்த்து, லண்டனுக்குக் கட்டவேண்டியது இவர் பொறுப்பு. வரும் பணத்தில் ஒரு விகிதம் இவருக்கு. கணக்கில் இடித்தால் கைக்காசுதான் போகும். வருஷத்துக்கு 400 பவுண்டு வரும் என்று சொல்லித்தான் வேலையைக் கொடுத்தார்கள். கைக்கு வந்தது அதைவிடக் குறைவு, ஏனென்றால் ஓய்வுபெற்ற முந்தைய அதிகாரிக்கு ஆண்டுதோறும் 100 பவுண்டு இவரே கொடுக்கவேண்டும் என்பது ஏற்பாடு. ஜான் கார்ட்டர் என்று ஒருவரை வைத்துக்கொண்டார். பேரேடு எழுதுவதும் அவர், தோட்டத்தைப் பார்ப்பதும் அவர், கவிதையைப் பிரதியெடுப்பதும் அவர். சிபாரிசு செய்து வேலையை வாங்கிக் கொடுத்தது யார் தெரியுமா? அப்பாவின் பாக்கியைத் தீர்த்த அதே லான்ஸ்டேல் வாரிசு. இளமையில் பிரெஞ்சுப் புரட்சியைக் கொண்டாடியவர் பிற்காலத்தில் அந்தக் குடும்பத்துக்காகத் தேர்தல் வேலை பார்த்ததை இந்தப் பின்னணியில்தான் படிக்கவேண்டும். கொள்கை மாறியதற்குக் காரணமே அந்தச் சம்பளம் என்று நான் சொல்லமாட்டேன். மனமாற்றம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

கோல்ரிட்ஜ் கதை இன்னும் ருசியானது. 1798 ஜனவரியில் அவர் ஷ்ரூஸ்பரி ஊரில் ஒரு யூனிட்டேரியன் (மூவொருமைக் கொள்கையை ஏற்காத கிறிஸ்தவப் பிரிவு) சபைக்குப் போதகராகச் சேர இருந்தார். அப்போது பீங்கான் தொழிலதிபர்களான வெட்ஜ்வுட் சகோதரர்களிடமிருந்து கடிதம் வருகிறது: வருஷம் 150 பவுண்டு தருகிறோம், நிபந்தனை இல்லை, சிந்தியுங்கள், எழுதுங்கள். பின்னாளில் கட்டுரையாளராகப் பெயர்பெற்ற ஹாஸ்லிட்டின் தந்தை வீட்டில் தங்கியிருந்த கோல்ரிட்ஜ், காலணியின் நாடாவைக் கட்டிக்கொண்டே அதை ஏற்கும் முடிவுக்கு வந்துவிட்டதாக ஹாஸ்லிட் எழுதுகிறார். அதை எழுதியது இருபத்தைந்து வருஷம் கழித்து என்பதால் காலணி நாடாவுக்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன். 150 பவுண்டுக்குத் தருவேன். சகோதரர்களில் டாம் 1805-ல் இறந்தாலும் உயிலில் தன் பாதியை உறுதிசெய்துவிட்டுத்தான் போனார். ஜோசையா 1812-ல் தன் பாதியை நிறுத்திக்கொண்டார். அபின் பழக்கமும் குடும்பத்தைவிட்டுப் பிரிந்ததுமாகத் தள்ளாடிக்கொண்டிருந்த மனிதர் மீதி 75 பவுண்டோடு பத்திரிகைக் கட்டுரை, கட்டணச் சொற்பொழிவு என்று ஓடினார். 1813-ல் டிரூரி லேன் அரங்கில் அவருடைய நாடகம் 20 இரவு ஓடி 400 பவுண்டு கொடுத்தது. வேறு எந்தப் புத்தகமும் அவருக்கு அவ்வளவு கொடுத்ததில்லை.

இந்த ஜோசையா வெட்ஜ்வுட்டை மறந்துவிடாதீர்கள், பிளேக்கிடம் வரும்போது மறுபடி வருவார்.

சரி, கவிதை எழுதியே சம்பாதித்தவர்கள் இல்லையா? இருந்தார்கள், மலைக்கவைக்கும் அளவுக்கு. வால்டர் ஸ்காட்டின் 'மார்மியன்' காவியத்துக்கு, அது முடியும் முன்பே பதிப்பாளர் 1,000 கினி கொடுத்தார். 'லாலா ரூக்' என்ற கவிதைக்குத் தாமஸ் மூருக்கு லாங்மேன் கொடுத்தது 3,000 பவுண்டு, ஒரு வரிகூடப் பார்க்காமல் பேசிய விலை. காஷ்மீர், முகலாய இளவரசி என்று போகும் கதை அது. மூர் இந்தியப் பக்கம் எட்டிப்பார்த்ததே இல்லை. பைரனுக்குப் பதிப்பாளர் ஜான் மர்ரி மொத்தத்தில் கொடுத்தது 15,000 பவுண்டுக்கு மேல். ஆனால் இவர்களின் நிலையைக் கவனியுங்கள். ஸ்காட் மாவட்ட ஷெரிஃப், எடின்பரோ உயர் நீதிமன்றத்தின் எழுத்தர். இரண்டு பதவிகளிலும் சேர்த்து வருஷத்துக்கு 1,600 பவுண்டு வந்தது. பைரன் பிரபு, எழுதிக் காசு வாங்குவது தன் அந்தஸ்துக்கு இழுக்கு என்று நினைத்து, 1812-ல் 'சைல்டு ஹெரால்டு' முதல் இரண்டு காண்டங்களுக்கு வந்த 600 பவுண்டைத் தூரத்து உறவினர் டல்லஸுக்கே விட்டுக்கொடுத்தார். கடன் கழுத்தை நெரித்தபிறகுதான் வாங்க ஆரம்பித்தார். ஆரம்பித்தபிறகு பேரத்தில் ஆள் கெட்டி. அப்போதும் அவருடைய பெரிய வரவு, பரம்பரை மாளிகையை 1817-ல் 94,500 பவுண்டுக்கு விற்றதுதான்.

கையில் பணம் இருந்தவனுக்கு அவசரமில்லை, அவசரமில்லாதவனால் விலை பேச முடிந்தது. மற்றவர்கள் முன்னால் இருந்த வழிகள் குறைவு. பதிப்புரிமையை ஒரேயடியாக விற்கலாம். புத்தகம் பத்துப் பதிப்பு போனாலும் அப்புறம் கிடைக்காது. அச்சுச் செலவைச் சொந்தக் கையிலிருந்து போட்டுக்கொண்டு பதிப்பாளருக்குக் கமிஷன் தரலாம். ஷெல்லி பெரும்பாலும் செய்தது அது. பாதி லாபம் என்று ஒரு முறை உண்டு: காகிதம், அச்சு, விளம்பரம் எல்லாம் கழித்து மிஞ்சுவதில் பாதி ஆசிரியருக்கு. மிஞ்சுவதில் என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. புத்தகத்தின் விலையும் சேர்ந்து கொன்றது. 1814-ல் வந்த வேர்ட்ஸ்வொர்த்தின் 'எக்ஸ்கர்ஷன்' நெடுங்கவிதை இரண்டு கினி, அதாவது ஒரு பண்ணையாளின் நாலு வாரக் கூலி. 500 பிரதி விற்க ஆறு வருஷம் ஆனது.

ஷெல்லிக்கு இதெல்லாம் கவலை இல்லை. 1815-ல் தாத்தா இறந்தபிறகு தந்தையோடு ஒப்பந்தமாகி வருஷத்துக்கு 1,000 பவுண்டு வந்தது, அதில் 200 பிரிந்திருந்த மனைவி ஹேரியட்டுக்கு. அதற்கு முன்னால் அவர் செய்ததுதான் விபரீதம்: அப்பா செத்துச் சொத்து வந்ததும் பல மடங்காகத் தருகிறேன் என்று பத்திரம் எழுதிக் கொடுத்துக் கடன் வாங்கினார். அந்தப் பணத்தில் பெரும்பகுதி மாமனாராகப் போகிற தத்துவவாதி காட்வினுக்குப் போனது.

கீட்ஸ் பணக்கார வீட்டுப் பிள்ளை என்றும் சொல்ல முடியாது, ஏழை என்றும் சொல்ல முடியாது. தாத்தா குதிரை லாயத் தொழிலில் நன்றாகச் சேர்த்தவர். பையன் மருத்துவத் தொழில் பழகி, 1816-ல் மருந்தாளர் உரிமமும் வாங்கினான். தொழிலை விட்டுவிட்டுக் காப்பாளர் ஏபி கையில் இருந்த குடும்பப் பணத்தைக் கேட்டுக் கேட்டு வாங்கி வாழ்ந்தான். இதில் வயிறெரியும் விஷயம் ஒன்று உண்டு. தாத்தாவின் உயில்படி அவனுக்குச் சேரவேண்டிய இன்னொரு தொகை, உயில், சொத்து வழக்குகளைப் பார்த்த சான்சரி நீதிமன்றத்தில் கிடந்தது. யாரும் கேட்காததால் அப்படியே இருந்தது. அப்படி ஒன்று இருப்பதே கீட்ஸுக்குத் தெரியாது என்பதுதான் வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் பொதுவாக ஏற்கும் முடிவு. 1820-ல் ரோமுக்குப் போகக் காசில்லாமல், கவிதைகளின் உரிமையைப் பதிப்பாளரிடமே விற்றுக் கப்பலேறினார். அடுத்த பிப்ரவரியில் அங்கேயே முடிந்தது, வயது 25.

என்னை அதிகம் சங்கடப்படுத்துபவர் ஜான் கிளேர். நிஜமான பண்ணைக் கூலியாள், சுண்ணாம்புக் காளவாயில் வேலை பார்த்தவர். 1820-ல் முதல் தொகுப்பு வந்தது, ஒரு வருஷத்துக்குள் நாலு பதிப்பு. லண்டன் விருந்துகளுக்கு அழைத்து வேடிக்கை பார்த்தார்கள். எக்ஸிட்டர் பிரபு வருஷம் 15 பவுண்டு, ஸ்பென்சர் பிரபு 10 பவுண்டு, நன்கொடை திரட்டி முதலீடு செய்ததன் வட்டி கொஞ்சம் என்று ஏறக்குறைய 45 பவுண்டு ஏற்பாடானது. கூலியாளின் வருமானத்தைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கவிஞனாக வாழப் பாதிகூட இல்லை. வயலுக்குத் திரும்பினால் கவிஞன் வந்துவிட்டான் என்று கேலி, திரும்பாவிட்டால் வீட்டில் ஏழு பிள்ளைகள். 1827-ல் வந்த மூன்றாம் தொகுப்பு படுத்துவிட்டது. விற்காத பிரதிகளைக் குறைந்த விலைக்கு வாங்கிப் பக்கத்து ஊர்களில் தானே சுமந்து விற்கப் பார்த்தார். பத்து வருஷத்தில் மனநல விடுதிக்குப் போனார். காசுதான் காரணம் என்று ஒரே போடாகப் போட மருத்துவ ஆதாரம் கிடையாது; காசும் ஒரு காரணம் என்பது அவருடைய கடிதங்களைப் படிப்பவர்களுக்குத் தெரியும்.

பெண்களை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் எழுத்தை நம்பியே குடும்பம் நடத்தியவர்கள் என்றால் அவர்கள்தான் முதலில் வரவேண்டும். சார்லட் ஸ்மித்தின் சானட் (பதினான்கு வரிக் கவிதை) தொகுப்பு 1784-ல் வந்தபோது அவருடைய கணவர் கடனுக்காகச் சிறையில் இருந்தார். அப்புறம் அவர் கணவரைப் பிரிந்து, பிள்ளைகளுக்காகக் கிட்டத்தட்ட வருஷத்துக்கு ஒரு நாவல் என்று எழுதித் தள்ளினார். அன்றைய சட்டப்படி மனைவியின் சம்பாத்தியம் கணவனுக்குச் சொந்தம். விட்டுப் போனவர் வந்து கேட்டாலும் மறுக்க வழியில்லை. ஃபெலிசியா ஹீமன்ஸ் ஐந்து மகன்களைப் பத்திரிகைக் கவிதைகளிலேயே வளர்த்தார். 1820-களில் வந்த வருஷப் பரிசுப் புத்தகங்கள் நல்ல காசு கொடுத்தன. பட்டு அட்டை, எஃகுத் தகட்டில் செதுக்கிய படங்கள், நடுநடுவே கவிதை. படம் முதலில் வரும், அதைப் பார்த்துக் கவிஞர் எழுதவேண்டும். லெட்டீஷியா லாண்டன் இதில் கைதேர்ந்தவர். இந்த மலர்களை இகழ்ந்த வேர்ட்ஸ்வொர்த்தே ஒன்றுக்கு 100 கினி வாங்கிக்கொண்டு எழுதினார்.

ஓவியர்களுக்கு வருவோம். அவர்கள் கதையில் தாமிரத் தகடுதான் நாயகன். ஒரு கித்தானை ஒருவருக்குத்தான் விற்கலாம். தகட்டில் செதுக்கினால் நூற்றுக்கணக்கில் விற்கலாம். டர்னர் இதைச் சின்ன வயதிலேயே புரிந்துகொண்டவர். அப்பா லண்டனில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். பையனின் படங்களைக் கடை ஜன்னலில் மாட்டி ஒன்றிரண்டு ஷில்லிங்குக்கு விற்றார். பிறகு டாக்டர் மன்றோ என்பவர் வீட்டில் சாயங்காலங்களில் மற்றவர்களின் படங்களைப் பிரதியெடுக்கும் வேலை, கூலி சில ஷில்லிங்கும் ராச்சாப்பாடும். 1802-ல் ராயல் அகாடமியின் முழு உறுப்பினர், 1804-ல் சொந்தக் கண்காட்சிக்கூடம். அச்சுப்படங்களுக்கு வரைந்தது வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்தது. 1851-ல் இறந்தபோது விட்டுச்சென்றது ஏறத்தாழ 1,40,000 பவுண்டு. ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் அப்படியில்லை. மாவு ஆலை வைத்திருந்த அப்பா வருஷம் 100 பவுண்டு கொடுத்தார். பிடிக்காத உருவப்படங்கள் வரைந்தார். 1828-ல் மாமனாரின் சொத்தில் 20,000 பவுண்டு வந்தபிறகே மூச்சுவிட்டார். அதே வருஷம் மனைவி இறந்துவிட்டார்.

பிளேக் தொழிலால் செதுக்குபவர். ஏழு வருஷம் பழகுநராக இருந்து கற்ற கை. ஒரு பதிப்பாளர் யங் என்ற கவிஞரின் நெடுங்கவிதைக்கு 537 நீர்வண்ணப் படங்கள் வரையச் சொன்னார். பிளேக் 100 கினி கேட்டார், கிடைத்தது 20. படத்துக்கு ஒன்பது பென்ஸ் சொச்சம். தாமஸ் பட்ஸ் என்ற அரசாங்க குமாஸ்தா பைபிள் படங்களை ஒரு கினி வீதம் வாங்கிச் சுவரெல்லாம் மாட்டி, பல வருஷம் அவரைத் தாங்கினார். 1809-ல் அண்ணனின் கடை மாடியில் தானே நடத்திய கண்காட்சிக்கு ஒரு விமர்சனம் வந்தது, பைத்தியம் என்றது. 1815-ஐ ஒட்டி வெட்ஜ்வுட் நிறுவனத்துக்குப் பாத்திர அட்டவணை செதுக்கிக்கொண்டிருந்தார். சூப் பாத்திரம், தட்டு, கிண்ணி. வேலையைக் கொடுத்தவர், மூன்று வருஷம் முன்னால் கோல்ரிட்ஜின் பாதிப் பணத்தை நிறுத்திய அதே ஜோசையா. 'புலியே புலியே' என்று எழுதியவர் சூப் கிண்ணத்தின் மூடியைக் கோடு பிசகாமல் செதுக்குவதை நினைத்துப் பார்க்கும்போது எனக்கு வருத்தம் வருவதில்லை. கைத்தொழில்காரனுக்கு அது ஒரு நாள் வேலை.

காட்சிக்கூடத்தில் ஒரு ஷில்லிங் நுழைவுக்கட்டணம் வைத்துச் சம்பாதிப்பது இன்னொரு வழி. பெஞ்சமின் ஹேடன் 1820-ல் எஜிப்ஷியன் ஹாலில் ஒரே ஒரு பிரம்மாண்டமான படத்தை அப்படிக் காட்டி நல்ல காசு பார்த்தார். 1846-ல் அதே கட்டடத்தில் மறுபடி முயன்றார். அடுத்த அறையில் அமெரிக்காவிலிருந்து வந்த குள்ளமனிதர் டாம் தம்பின் காட்சி. ஒரு வாரத்தில் அங்கே 12,000 பேர், தன் படத்துக்கு 133½ பேர் என்று ஹேடன் நாட்குறிப்பில் எழுதினார். அரை என்பது ஒரு சின்னப் பெண்ணாம். இரண்டு மாதத்தில், கடன் தாங்காமல், தன் வரைகூடத்திலேயே உயிரை மாய்த்துக்கொண்டார்.

இதில் எதை எவ்வளவு நம்பலாம் என்றும் சொல்லவேண்டும். ஒப்பந்தம், உயில், பதிப்பாளர் பேரேடு ஆகியவற்றில் உள்ள தொகைகள் உறுதியானவை. மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை அந்த வகை. இன்றைய பணத்தில் எவ்வளவு என்று இணையத்தில் மாற்றிச் சொல்வதை நான் நம்புவதில்லை. ரொட்டி விலையை வைத்துக் கணக்கிட்டால் ஒன்று, கூலியை வைத்துக் கணக்கிட்டால் இன்னொன்று வரும்; அதனால்தான் பண்ணைக் கூலியோடு ஒப்பிட்டேன். விற்பனை எண்ணிக்கையில் எச்சரிக்கை தேவை. பைரனின் 'கோர்சேர்' நெடுங்கவிதை முதல் நாளில் 10,000 பிரதி போனது என்று புத்தகத்துக்குப் புத்தகம் வரும். அது மர்ரி பைரனுக்கு எழுதிய கடிதத்திலிருந்து வருவது, பதிப்பாளர் தன் நட்சத்திரக் கவிஞருக்கு எழுதும் உற்சாகக் கடிதம் என்பதை மனதில் வையுங்கள். ராபர்ட் சௌதியின் பழைய புரட்சி நாடகம் ஒன்றை 1817-ல் திருட்டுப் பதிப்பாகப் போட்டார்கள். அரசவைக் கவிஞராகிவிட்ட அவர் தடை கேட்டு நீதிமன்றம் போனார், கிடைக்கவில்லை. 60,000 பிரதி விற்றதாகச் சொல்லப்படுவது அவர் வாய்மொழிதான். வழக்கில் தோற்று, ஒரு காசும் கைக்கு வராத ஆசிரியர் சொன்ன எண்ணிக்கை என்பதால், நான் அதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் 'சௌதி சொல்கிறார்' என்று சேர்த்தே சொல்லிவந்தேன்.